தீயணைக்கும் வாயு தோற்ற இடம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் இயந்திர அறைகளில் தீயை அணைக்க வைத்திருக்கும் வாயுக்களில் முக்கியமானது காபனீரொட்சைட்டு. எமது ஆய்வுகூட வாசலில் தொங்கும் சிவப்பு உருளையிலும் அதுவே இருக்கிறது. எரியும் எண்ணெய் மீது அதைப் பாய்ச்சினால், அது காற்றை விலக்கும். ஒட்சிசன் கிடைக்காமல் தீ அணைந்துவிடும்.

ஆனால் எல்லாத் தீயும் இதற்கு அடங்குவதில்லை. எரியும் மக்னீசிய நாடாவைக் காபனீரொட்சைட்டு நிறைந்த சாடிக்குள் இறக்கிப் பார்த்த மாணவியர் இதனை அறிவர். நாடா அணையாது, படபடவென்று தொடர்ந்து எரியும். முடிவில் வெண்ணிறத் தூளும், சாடியின் சுவரில் கருமையான காபன் துகள்களும் எஞ்சும். ஒட்சிசன் மீது காபனுக்கு உள்ள நாட்டத்தை விட மக்னீசியத்துக்கு உள்ள நாட்டம் அதிகம். எனவே அது வாயுவிலிருந்தே ஒட்சிசனைப் பறித்துக்கொள்கிறது.

யுரேனிய உலோகமும் இப்படித்தான். அதன் நுண்ணிய தூள் காற்றில் தானாகவே தீப்பற்றக்கூடியது. சூடான யுரேனியம் காபனீரொட்சைட்டுடன் தாக்கமுற்று யுரேனியம் ஈரொட்சைட்டாக மாறுகிறது. காபனோரொட்சைட்டு வாயுவோ காபனோ மிஞ்சுகிறது. மெதேன் வாயுவில் ஒட்சிசன் இல்லை. ஆகவே உயர் வெப்பநிலையில் யுரேனியம் அதிலுள்ள காபனையே எடுத்து யுரேனியம் காபைட்டாகிறது, ஐதரசன் வெளியேறுகிறது.

எமது மாவட்டத்தின் புல்மோட்டைக் கனிய மணலிலுள்ள மொனசைட்டில் தோரியமும் சிறிதளவு யுரேனியமும் உண்டு. அந்த மணல் தீப்பற்றுமோ என்று அஞ்சத் தேவையில்லை. அங்கே அவை உலோகமாக இல்லை. ஏற்கெனவே ஒட்சிசனுடன் பிணைந்த பொசுபேற்றுச் சேர்வையாகவே உள்ளன.

உலோக யுரேனியத்தின் குணம் உலகறிந்த ஒரு விபத்தில் வெளிப்பட்டது. 1957 ஒக்டோபர் 10ஆம் திகதி, இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீ கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அலுமினிய உறைகளில் அடைத்த யுரேனியம் பென்சிற்கரிக் கட்டிகளினூடே வைக்கப்பட்டு, காற்றினால் குளிரூட்டப்பட்டது. மறுநாள் அதிகாலை, அயலிலிருந்த கால்டர் ஹோல் உலைக்கெனக் கொண்டுவரப்பட்ட சுமார் 25 தொன் காபனீரொட்சைட்டில் இருந்து தீயின் மீது செலுத்திப் பார்த்தனர். பயனில்லை. அவ்வளவு வெப்பத்தில் எரியும் உலோகம் அந்த வாயுவிலிருந்தே ஒட்சிசனைப் பெறவல்லது. பின்னர், ஐதரசன் உருவாகி வெடிக்கக்கூடும் என்று தெரிந்தும் நீரைப் பாய்ச்சினர்; விசிறிகளை நிறுத்திக் காற்றையும் மறித்தனர். தீ தணிந்தது. ஆனால் கதிரியக்க அயடீன் புல்வெளிகளில் படிந்ததால், சுமார் 500 சதுர கிலோமீற்றர் பரப்பின் பசுப்பால் கொட்டப்பட்டது.

அப்படியானால் கால்டர் ஹோலில் அதே வாயு எப்படிப் பாதுகாப்பாகப் பயன்பட்டது? அங்கும் எரிபொருள் யுரேனிய உலோகமே. ஆனால் அது மக்னீசியக் கலப்புலோக உறைக்குள் மூடப்பட்டிருந்தது; வெப்பநிலையும் எல்லைக்குள் வைக்கப்பட்டது. வாயு உலோகத்தைத் தொடவில்லை. வெப்பத்தை மட்டும் எடுத்துச் சென்றது.

காபனுடன் சேரும் இதே இயல்பை மனிதன் நன்மைக்கும் திருப்பியிருக்கிறான். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1985 ஒக்டோபரில் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலை, யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த காபைட்டையே எரிபொருளாகக் கொண்டது. காபைட்டு வெப்பத்தை நன்கு கடத்தும். உலோக யுரேனியத்தை விட மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே உருகும். எனினும் அது நீருடன் தாக்கமுற்று எரியும் வாயுக்களைத் தரும் என்பதால், அதனைக் கையாளுவதிலும் கவனம் வேண்டும்.

பெற்றோரும் மாணவியரும் மனங்கொள்ள வேண்டியது ஒன்று: "தீயணைப்பான் இருக்கிறது" என்பது மட்டும் போதாது. எரிவது எது என்பதை முதலில் அறிய வேண்டும். எண்ணெய்க்கும் மின்சாரக் கருவிகளுக்கும் காபனீரொட்சைட்டு உதவும். எரியும் உலோகத்துக்கு அதுவும் கூடாது, நீரும் கூடாது. அதற்கென உள்ள உலர்தூளோ நன்கு உலர்ந்த மணலோ இட்டு மூட வேண்டும். நாளை ஆய்வுகூடத்துக்குச் செல்லும்போது, வாசலில் தொங்கும் உருளையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.