தோப்பின் உயரமும் தரையின் உயரமும்

நிலத்தின் உயரம், வீடுகள், வீதிகள் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக்கி, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆராய்வதே புவியியல் தகவல் முறைமை. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் புவியியல் மாணவர் இதனைப் பயில்கின்றனர். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியழித்த எம் கரைக்கு இது வேண்டிய கல்வியே. வரிப்பத்தான்சேனை உள்நாட்டில் உள்ளது. எம் உறவினரோ கரையில் வாழ்கின்றனர்.

2000இல் விண்ணோடமொன்று ரேடார் கொண்டு அளந்த உயரங்களை மாணவர் இலவசமாகப் பெறலாம். ஆயின், அடர்ந்த தோப்பில் அந்த ரேடார் தரைவரை செவ்வனே எட்டாது. மரத்தின் உயரத்தையும் நிலத்தோடு சேர்த்துவிடும். தாழ்ந்த தென்னந்தோப்பு திரையில் மேடாகத் தோன்றும். அம்மேட்டை நம்பி ஓடுவோர் கதி என்ன? பென்சிலால் படம் வரைந்து கற்றவன் நான். எனினும், மாணவர் மட்டக்கருவியுடன் மருதமுனைக் கரைக்குச் சென்று, திரையின் உயரத்தைத் தரையோடு ஒப்புநோக்கிய பின்னரே புள்ளி இடுக என்பேன்.