சராசரி வேகமும் கணநிலை வேகமும்

நுண்கணிதத்தின் வாயிலில் மாணவர் எதிர்கொள்ளும் முதலாவது இடர்ப்பாடு ஒரு வகுத்தற் கணக்காகும். இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்தால் வேகம் பெறப்படும் என அவர் கீழ்வகுப்பிற் கற்றிருக்கிறார். ஆயின் ஒரு கணத்தில் வேகம் யாது என வினவும்போது, கழியும் காலமும் பூச்சியம், இடப்பெயர்ச்சியும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தலோ பொருளற்றது. வகையீட்டு விதியை மனனஞ் செய்தோர் இவ்விடரைக் காணாமலே கடந்துவிடுகின்றனர். விடை சரியாயினும், தாம் கண்டது யாதென அவர் அறியார்.

மிக உயரமான கோபுரமொன்றிலிருந்து, ஓய்வுநிலையில் விடப்பட்ட கல்லை எடுத்துக்கொள்வோம். வளித்தடையைப் புறக்கணித்தால், மீற்றரில் அதன் இடப்பெயர்ச்சி, செக்கனில் அளந்த காலத்தின் வர்க்கத்தை 4.9 ஆற் பெருக்கிவரும் எண்ணாகும். 2 ஆம் செக்கன் முடிவில் அதன் வேகத்தை அறிய விரும்புகிறோம். 2 இலிருந்து 3 செக்கன் வரை சராசரி வேகம் செக்கனுக்கு 24.5 மீற்றர். இது மிகையென்பது வெளிப்படை. கல் விரைவு கூடிக்கொண்டே விழுகிறது. ஆயிடையை 0.1 செக்கனாகக் குறுக்கினால் 20.09, 0.01 ஆயின் 19.649, 0.001 ஆயின் 19.6049. மறுபக்கத்திலிருந்து, 1.9 முதல் 2 வரை நோக்கின் 19.11; 1.99 முதல் 2 வரை 19.551. இருபுறத்து எண்களும் 19.6 ஐ நெருங்குகின்றன.

ஆயிடையின் நீளத்தை ‘க’ எனக் குறித்தால், 2 இலிருந்து தொடங்கும் ஆயிடையின் சராசரி வேகம் 19.6 + 4.9க ஆகும். இதனைப் பெறுகையில் ‘க’ ஆல் வகுத்தோம். ஆகவே அது பூச்சியமன்று. இறுதியில் அதனைப் பூச்சியமாக்கி 19.6 என்கிறோம். முதலில் உண்டென்று கொண்டதைப் பின்னர் இல்லையென்பது எங்ஙனம் பொருந்தும்? அயர்லாந்து மெய்யியலாளர் ஜோர்ஜ் பார்க்கிளி 1734 இல் நியூற்றனின் முறைக்கு எதிராக எழுப்பிய கண்டனம் இதுவே. அது வீண் வாதமன்று. பிரெஞ்சுக் கணிதர் கோசி 1821 இல் வெளியிட்ட பாடநூலில் எல்லை என்னும் கருத்தை அடிப்படையாக்கிய பின்னரே தக்க விடைக்கு வழி பிறந்தது. ‘க’ வை நாம் ஒருபோதும் பூச்சியமாக்குவதில்லை. அதனைப் போதிய அளவு சிறிதாக்கினால், சராசரி வேகத்துக்கும் 19.6 க்கும் உள்ள வித்தியாசத்தை நாம் விரும்பும் எவ்வளவிலும் சிறிதாக்கலாம். அவ்வெண்ணையே கணநிலை வேகம் என வரையறுக்கிறோம். அது சராசரிகளின் வரிசையில் இறுதி உறுப்பன்று.

கூர்மையான மாணவர் சிலர் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிப்பர். 1.9 முதல் 2.1 வரை சராசரியைக் கணித்தால் நேரே 19.6 வருகிறதே, எல்லை எதற்கு என்பர். இடப்பெயர்ச்சி காலத்தின் இருபடிச் சார்பாயிருத்தலே இதற்குக் காரணம். முப்படிச் சார்பாயின் இது பொய்க்கும். அதனிலும் பெரிய ஆபத்தொன்றுண்டு. 19.6 மீற்றர் உயரத்திலிருந்து விடப்பட்ட இறப்பர்ப் பந்து 2 ஆம் செக்கனில் நிலத்தில் மோதி, செக்கனுக்கு 9.8 மீற்றர் வேகத்துடன் உடனே மேலெழுகிறதெனக் கொள்வோம். கீழ்நோக்கிய திசையை நேராகக் கொண்டால், இடப்புறச் சராசரிகள் 19.6 ஐயும் வலப்புறச் சராசரிகள் −9.8 ஐயும் நெருங்கும். குறுக்குவழியோ 4.9 என்கிறது! எத்துணைச் சிறிய சமச்சீர் ஆயிடையை எடுப்பினும் 4.9 தான் வரும். ஆயினும் மோதலுக்கு அணித்தான எக்கணத்திலும் பந்து அவ்வேகத்துடன் செல்லவில்லை. இருபுற எல்லைகளும் வேறுபடுவதால் அக்கணத்தில் வேகம் வரையறுக்கப்படவில்லை.

உண்மையான பந்து நிலத்திற் பட்டதும் நசுங்கி, மிகச் சிறிய நேரம் அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்நேரத்துள் அதன் வேகம் 19.6 இலிருந்து பூச்சியத்தினூடாக −9.8 க்கு மாறுகிறது. ‘உடனே’ என நாம் கொண்ட எடுகோளே வரைபிற் கூர்முனையைத் தோற்றுவித்தது.