நல்ல திசைகாட்டி

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்குப் பகுதியில் டெவன் என்னும் மாவட்டம் உள்ளது. அதன் நடுவே டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற இந்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 954 சதுரக் கிலோமீட்டராகும். இதன் மிக உயர்ந்த முடியாகிய ஹை வில்ஹேஸ் 621 மீட்டர் உயரமே உடையது. உயரத்தை மட்டும் கேட்போர் இதனை மலையென்று கூறவும் தயங்குவர். ஆயினும் உயர்ந்த மலைகளிற் காணும் இடர்களுள் ஒன்று இங்கும் உண்டு. அது வழி மயங்குதல்.

மேட்டின்மேல் மரங்கள் அரியன; பாதைகளும் சிலவே. எத்திசை நோக்கினும் ஒரே வகையான புல்லும் புதருமே தோன்றும். குன்றுகளின் உச்சியில் மட்டும், யாரோ அடுக்கி வைத்தாற்போலக் கருங்கற்பாறைகள் நிற்கும். அப்பாறைமுடிகளை அந்நாட்டார் ‘டார்’ என அழைப்பர். பள்ளங்களில் மக்கிய செடிகள் படிந்து கருஞ்சேறாகியிருக்கும். அதன்மீது பசும்பாசி மூடியிருத்தலின், நிலமெது சேறெது என அறிதல் எளிதன்று. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மேட்டில் ஏறியவுடன் குளிர்ந்து முகிலாகும். சற்றுமுன் தெளிவாகத் தெரிந்த பாறைமுடிகள் சில நிமிடங்களுள் மறைந்துவிடும். அப்போது நடப்பவனுக்குத் தன் கையிலுள்ள சிறிய காந்த ஊசியன்றி வேறு துணை இல்லை.

இத்தகைய நிலத்திலேதான் ‘அஞ்சற்பெட்டி தேடுதல்’ என்னும் விளையாட்டுப் பிறந்தது. சாக்ஃபோர்டு என்னும் ஊரைச் சார்ந்த ஜேம்ஸ் பெரட் என்பவர் மேட்டுநிலத்தைக் காண வருவோர்க்கு வழிகாட்டியாக இருந்தார். வடபகுதியில் கிரான்மியர் குளம் என்றோர் இடம் உண்டு. குளமென்பது பெயரளவே, உள்ளபடி அது சேற்றுப் பள்ளம். அவ்விடத்தை அடைதல் அந்நாளில் அருஞ்செயலாகக் கருதப்பெற்றது. 1854ஆம் ஆண்டில் பெரட் அங்கே ஒரு கண்ணாடிக் கலத்தை வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் சென்றனர். பிற்காலத்தில் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையை இட்டுச் செல்லும் வழக்கம் உண்டாயிற்று; அடுத்து வருபவர் அதனை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார். எத்தனை நாள் கழித்து, எவ்வூர் முத்திரையோடு அட்டை வீடு வந்து சேரும் என்று காத்திருத்தலே அதன் இன்பம். 1937இல் அவ்விடத்திற் கருங்கல்லால் ஒரு பெட்டி அமைக்கப்பெற்றது. டார்ட்மூரைப் பற்றி விரிவான வழிநூல் எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக, 1938இல் டக்ஸ் குளம் என்னுமிடத்தில் மற்றொரு பெட்டி எழுந்தது.

இன்றோ, பாறையிடுக்குகளிலும் கற்குவியல்களின் அடியிலும் ஆயிரக்கணக்கான சிறு பெட்டிகள் மறைந்துள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். கண்டெடுத்தவர் அம்முத்திரையைத் தம் ஏட்டிற் பதித்துக்கொள்வர். தமது முத்திரையைப் பெட்டியின் ஏட்டிற் பதிப்பர். பெட்டி இருக்குமிடம் பெரும்பாலும் திசைக்கோணங்களாற் குறிக்கப்பெறும். ‘இவ்விடத்திலிருந்து நோக்கின் ஒரு பாறைமுடி 40 பாகையிலும், மற்றொன்று 310 பாகையிலும் தோன்றும்’ என்பது போன்ற குறிப்பே தேடுவோர்க்குக் கிடைப்பது. வட்டத்தை 360 பாகைகளாகப் பகுத்து, வடக்கைச் சுழியாகக் கொண்டு, வலமாக எண்ணுவது திசைக்கோணம்.

இக்குறிப்பைக் கொண்டு இடங்காணும் முறை எளியது. பெட்டியிலிருந்து 40 பாகையில் தோன்றும் பாறைமுடியிலிருந்து பெட்டியை நோக்கினால், அஃது 220 பாகையில் இருத்தல் வேண்டும். நேரெதிர்த் திசையாதலின் 180 கூட்டப்பெற்றது. மற்றொன்றிற்கு 310இலிருந்து 180 நீங்க, 130 ஆகும். நிலப்படத்தில் இரு பாறைமுடிகளிலிருந்தும் இக்கோணங்களில் கோடுகள் வரைந்தால், அவை வெட்டுமிடமே பெட்டி இருக்குமிடம். பின்னர் அவ்விடஞ் சென்று, திசைகாட்டியைக் கண்ணருகே ஏந்தி, இரு கோணங்களும் பொருந்துமாறு முன்னும் பின்னும் நகர்ந்து தேடுதல் வேண்டும்.

திசை வேறு, வழி வேறு என்பது இங்கே நன்கு விளங்கும். காந்த ஊசி வடக்கு இன்னது என்று மட்டும் சொல்லும். சேறு எங்குள்ளது, ஓடை எங்குக் குறுக்கிடும் என்பனவற்றை அது சொல்லாது. அவற்றை நிலப்படம் சொல்லும். ஊசியின் ஒரு சொல்லை நிலப்படத்தோடும் எதிரிலுள்ள நிலத்தோடும் பொருத்தித் தருவதே திசைகாட்டியின் ஏனைய உறுப்புகளின் வேலை. ஆகவே, ‘சிறந்த திசைகாட்டி எது?’ என்று வினவுவதைவிட, ‘அதனிடம் எவ்வளவு நுட்பமான விடையை வேண்டுகின்றோம்?’ என்று வினவுதல் பொருத்தமாகும்.

நுட்பம் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறைமுடியை நோக்கிக் கோணம் காண்கையில் ஒரு பாகை பிழைத்தால், இடம் 35 மீட்டர் விலகும். ஐந்து பாகை பிழைத்தால் 175 மீட்டர் விலகும். குன்றைச் சென்றடைய விரும்புவோனுக்கு இப்பிழை பெரிதன்று. குன்று கண்முன்னே தோன்றிவிடும். முழங்காலளவுப் பாறையின் கீழ் மறைந்த கையகலப் பெட்டியைத் தேடுவோனுக்கோ, அது மாலைப்பொழுது முழுவதையும் வீணாக்கப் போதுமானது.

கடைகளில் விற்கும் திசைகாட்டிகளுள், சாவிக்கொத்தில் தொங்கும் பொத்தான் போன்ற சிறு வகையை முதலிலேயே நீக்கிவிடலாம். அது விளையாட்டுப் பொருள். நீண்ட நடைக்குப் பெரிதும் ஏற்றது தட்டுத் திசைகாட்டி. ஒளி ஊடுருவும் நீண்ட தட்டொன்றின்மீது, பாகைகள் பொறித்த சுழல்வட்டம் அமைந்திருக்கும். 1930களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டில் குன்னார் டில்லாண்டரும் ஷெல்ஸ்ட்ரோம் உடன்பிறந்தாரும் இவ்வமைப்பைப் பரப்பினர். கோணமானியும் அளவுகோலும் காந்த ஊசியும் முன்பு தனித்தனியே இருந்தன. அவர்கள் மூன்றையும் ஒன்றாக்கினர். தட்டின் ஓரத்தைப் படத்தில் இருக்குமிடத்தையும் செல்லுமிடத்தையும் இணைக்குமாறு வைத்து, வட்டத்தினுள் உள்ள கோடுகள் படத்தின் வடக்குக் கோடுகளோடு இணையுமாறு சுழற்றினால், வேண்டிய திசைக்கோணம் தானே கிடைத்துவிடும். பனியில் விறைத்த விரல்களோடும் இதனைச் செய்யலாம். வாங்குவோர் தட்டு நீளமாக இருக்கின்றதா, வட்டத்தினுள் இணைகோடுகள் தெளிவாக உள்ளனவா, பாகைகள் இரண்டிரண்டாகவேனும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். தட்டில் உருப்பெருக்கியொன்று பதித்திருப்பின் நன்று. நிலப்படத்தின் நுண்ணெழுத்துகள் அப்போது எளிதில் தெரியும்.

தட்டுத் திசைகாட்டியை மார்புக்கு நேரே ஏந்திப் பார்ப்பதால், சில பாகைகள் பிழைத்தல் இயல்பே. மூடியில் ஆடி பதித்த வகையில், எதிரிலுள்ள பாறைமுடியையும் ஊசியையும் ஒருங்கே காணலாம், பிழை குறையும். இன்னும் நுட்பமானது முப்பட்டகத் திசைகாட்டி. இதற்கு 1812இல் சார்லஸ் ஷ்மால்கால்டர் என்பவர் காப்புரிமை பெற்றார். கண்ணருகே வைத்த முப்பட்டகம், தொலைவிலுள்ள பொருளையும் பாகை எண்ணையும் ஒரே நோக்கிற் காட்டும். ஒரு பாகை அளவிற்குக் கோணம் கூற இது வல்லது. விலையும் எடையும் மிகுதி. படத்தின்மேல் வைத்துக் கோடு வரையவும் எளிதன்று. ஆதலின் பெட்டி தேடுவோருட் பலர் இரண்டையும் சேர்த்துக் கொண்டு செல்வர். ஒன்றே வாங்க இயலுவோர்க்கு ஆடி பதித்த தட்டுத் திசைகாட்டியே தக்கது.

ஊசி எதனுள் இயங்குகின்றது என்பதும் ஆராயத்தக்கது. வெறுங்காற்றில் இயங்கும் ஊசி நெடுநேரம் அசைந்துகொண்டேயிருக்கும். நடப்பவன் அது நிற்கும்வரை காத்திருத்தல் வேண்டும். எண்ணெய் போன்ற நீர்மத்தினுள் அமைந்த ஊசி விரைவில் அடங்கிவிடும். பின்லாந்து நாட்டுப் பொறியாளரான தூமஸ் வோலோனென் கைக்கடக்கமான இத்தகைய திசைகாட்டியைச் செய்து, 1936இல் சூண்டோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நீர்மத்தினுள் சிறு குமிழி தோன்றினால் அஞ்சவேண்டுவதில்லை. குளிரிலும் உயரத்திலும் அது தோன்றி மறையும். ஊசியைத் தள்ளுமளவு பெரிய குமிழியாயின், கூட்டில் கசிவு உண்டென்பது பொருள்.

மற்றொரு செய்தி வாங்குவோர் பலர் அறியாதது. காந்த ஊசி வடக்கை மட்டும் நோக்குவதில்லை. நிலத்தை நோக்கிச் சாயவும் செய்யும். இதனைக் காந்தச் சரிவு என்பர். லண்டனில் திசைகாட்டி செய்து வாழ்ந்த ராபர்ட் நார்மன் இதனை ஆராய்ந்து 1581இல் நூலொன்று வெளியிட்டார். சமமாக நின்ற ஊசி, காந்தமேற்றியவுடன் ஒருபுறம் தாழ்வதைக் கண்டு, மறுமுனையில் அவர் சிறிது மெழுகு சேர்த்துச் சமன் செய்வது வழக்கம். ஒருமுறை ஊசியையே வெட்டிச் சமன் செய்ய முயன்று, அளவுக்கு மீறி வெட்டி, நல்ல ஊசியொன்றைக் கெடுத்துவிட்டார். அச்சினமே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. டார்ட்மூர்ப் பகுதியில் இச்சரிவு ஏறத்தாழ 65 பாகை. இந்தியாவின் தென்கோடிக்கு அருகிலோ காந்த நடுவரை செல்லுதலின், சரிவு இல்லையென்றே கூறலாம். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963இல் ஏவூர்தித் தளம் அமைக்கப்பெற்றதற்கு இந்நடுவரையே காரணம். திசைகாட்டி செய்வோர் விற்பனைக்குரிய நிலப்பகுதிக்கு ஏற்ப ஊசியின் மறுமுனையிற் சிறு எடை சேர்ப்பர். குமரிமுனையிற் சமமாக நிற்கும் ஊசி இங்கிலாந்தில் ஒருபுறம் தாழ்ந்து, கூட்டின் அடியில் உராய்ந்து நின்றுவிடக்கூடும். எப்பகுதிக்குச் செய்தது என்று கேட்டு வாங்குவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

காந்த வடக்கும் நிலப்படத்தின் வடக்கும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. இவ்வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். லண்டனில் 1580ஆம் ஆண்டளவில் ஊசி உண்மை வடக்கிற்குக் கிழக்கே ஏறத்தாழ 11 பாகை விலகி நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே 24 பாகை அளவு விலகியது. பின்னர் மெல்லத் திரும்பி, 2019இல் கிரீனிச்சில் உண்மை வடக்கோடு ஒன்றுபட்டது. 2022 நவம்பரில், டார்செட் கடற்கரையிலுள்ள லாங்டன் மாட்ராவர்ஸ் என்னும் ஊரில், காந்த வடக்கு, உண்மை வடக்கு, நிலப்பட வடக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நின்றன. இன்று டார்ட்மூரில் நிலப்பட வடக்கிற்கும் ஊசிக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு பாகைக்கு உட்பட்டதே. ஆயின், சில பத்தாண்டுகளுக்கு முன் காந்த வடக்கைக் கொண்டு எழுதிய குறிப்பை இன்று அப்படியே பின்பற்றினால், குற்றமற்ற கருவியும் வேறிடத்தையே காட்டும். குறிப்பு எழுதப்பெற்ற ஆண்டையும் கேட்டறிதல் அதனால் இன்றியமையாதது.

கடையிற் சோதிக்கும் முறை எளிது. திசைகாட்டியை இரும்பில்லாத மேசைமேற் கிடையாக வைத்து, ஊசி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்பு ஒரு சாவியை அருகே கொணர்ந்து ஊசியைச் சற்று விலக்கி, சாவியை அகற்றிவிடவேண்டும். நல்ல ஊசி தயங்காமல் முன்னிருந்த எண்ணுக்கே திரும்பும். வழியில் நின்றால், அதனைத் தாங்கும் முனை தேய்ந்ததென்க. ஒரேவகைத் திசைகாட்டிகள் மூன்று நான்கை ஒன்றையொன்று பாதிக்காத தொலைவில் வைத்து ஒப்பிடுதலும் நன்று; மற்றவற்றோடு மாறுபடுவதை விலக்கிவிடலாம். சுழல்வட்டம் தானே நழுவாத அளவு இறுக்கமாக இருத்தல் வேண்டும்.

வாங்கியபின்னும் கேடு வருதல் உண்டு. கைப்பேசியின் ஒலிப்பெருக்கியிற் காந்தம் உள்ளது. அதனோடு ஒரே பையிற் கிடந்த திசைகாட்டியின் ஊசி முனைமாறி, வடக்கைத் தெற்கென்று காட்டுதலும் உண்டு. இது மிகக் கொடிய பிழை. சிறிது தவறும் ஊசி மனிதனை அருகில் எங்கேனும் கொண்டு சேர்க்கும். தலைகீழான ஊசியோ, மூடுபனியில் வீட்டை நோக்கி நடப்பதாக எண்ணுபவனைச் சேற்று நிலத்தின் நடுவே கொண்டு செலுத்தும். புறப்படுமுன் காலைக் கதிரவனைக் கொண்டு ஊசியைச் சரிபார்ப்பது இதற்காகவே. செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கையில் ஊசி எதற்கு என்பார்க்கு, குளிரில் மின்கலம் விரைவில் தளரும் என்பதே விடை.

கருவி நன்றாயினும் அதனை நம்புதல் கடினம். கதிரவன் மறைந்த பொழுதில் மனிதர் நேரே நடப்பதாக எண்ணிக்கொண்டு வட்டமிட்டே நடக்கின்றனர் என்பதை, யான் சௌமான் என்பவரும் உடனுழைத்தோரும் ஜெர்மனியின் காட்டிலும் துனீசியாவின் பாலைவனத்திலும் நடத்திய ஆய்வினால் 2009இல் காட்டினர். நடந்தவர்கள் தாம் வளைந்ததை அறியவில்லை. மூடுபனியில் ‘ஊசிதான் தவறுகின்றது’ என்று மனம் சொல்லும் நேரம் எவர்க்கும் வரும். கடையிலும் தெளிந்த வானத்தின் கீழும் பன்முறை சோதித்துப் பார்த்த ஊசியாயின், அந்நேரத்தில் அதன் சொல்லைக் கேட்க மனம் துணியும். 1960இல் தொடங்கிய ‘பத்துப் பாறைமுடிகள்’ நடைக்கு வரும் பதினான்கு முதல் பத்தொன்பது அகவையினர், 35 மைல் முதல் 55 மைல் வரை நடக்குமுன், குளிர்கால மாதங்கள் முழுவதும் அதே மேட்டிற் பயிற்சி பெறுவதன் காரணமும் இதுவே.

பெட்டி கிடைத்தவுடன் முத்திரையைப் பதிப்பதற்கு முன்பே, பழகிய தேடுவோர் ஒன்று செய்வர். பாறைமுடிகள் இன்னும் தெரியும்போதே, திரும்பிச் செல்லவேண்டிய திசைக்கோணத்தைக் கண்டு ஏட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்வர். பின்னரே மை தொட்டு முத்திரையிட்டு, பெட்டியை மழைநீர் புகாவண்ணம் மூடி, முன்போலவே கல்லின் கீழ் மறைத்து வைப்பர்.