கூலி உயர்வு: செலவா, வரவா?

கூலியைக் கூட்டினால் தொழில் தாங்குமா என்னும் ஐயம் சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலருக்கு உண்டு. பங்காருபேட்டையில் இந்த ஐயத்திற்கு மறுபக்கமும் உள்ளது. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டபின், அங்கிருந்தும் இங்கிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே உள்ளூர்க் கூலி தலைநகரின் கூலியோடு போட்டியிட வேண்டியுள்ளது. கைதேர்ந்த ஒருவர் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் அவரைத் திரும்ப அழைப்பது எளிதன்று.

ஆள் விலகுவதால் நேரும் செலவு கணக்கேட்டில் தனி வரியாக வருவதில்லை. புதியவர் பழகும்வரை வீணாகும் பொருள், தாமதமாகும் சரக்கு எனப் பல தலைப்புகளில் அது கரைந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனம் 1913-இல் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் நிலைநிறுத்த 52,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாட்கூலியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி 5 டாலர் ஆக்கியதும் விலகுவோர் வெகுவாகக் குறைந்தனர். (தொழிலாளரின் வீட்டு வாழ்வையும் சோதித்த பிறகே முழுத்தொகை தரப்பட்டது, அந்தப் பகுதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.)

கூலியில் மிச்சம் பிடிப்பதன் விலையை அறிய அமெரிக்கா வரை செல்ல வேண்டாம். நம் கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில், விஸ்ட்ரான் நிறுவனத்தின் ஐபோன் ஆலை 2020 டிசம்பர் 12 அன்று தொழிலாளரால் சூறையாடப்பட்டது. பேசிய ஊதியம் குறைந்தது, வேலை நேரம் நீண்டது, சம்பளம் காலத்தில் வரவில்லை என்பன அவர்கள் முறையீடுகள். வன்முறையை எவரும் ஏற்க இயலாது. ஆயினும் சிலருக்கு ஊதியம் சரிவர வழங்கப்படவில்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டு, இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத் தலைவரை நீக்கியது. சேத மதிப்பை 10 முதல் 20 கோடி தைவான் டாலர் என அறிவித்தது. அதனினும் பெரிய அடி, ஆப்பிள் புதிய ஒப்பந்தங்களை நிறுத்திவைத்ததுதான். 2023-இல் அவ்வாலையை டாடா குழுமம் வாங்கியது.

எனினும் கூலி உயர்வு எல்லா இடத்திலும் பலன் தராது. தங்கவயலில் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது, தாதுவில் பொன் அருகியது. அங்கே எந்தக் கூலியும் கணக்கை நேர்செய்திருக்காது. விளைச்சல் தொழிலாளியின் கைத்திறனைச் சார்ந்திருக்கும் தையற்கூடம், இயந்திரப் பட்டறை போன்றவற்றிலேயே உயர்வு திரும்பி வரும்.

நம் அனுபவத்தில், சம்பளம் தவறுவதற்குப் பெரும்பாலும் மனமின்மை காரணமன்று. வரவேண்டிய பணம் வராமையே காரணம். பதிவுபெற்ற சிறுதொழிலுக்கு வாங்குவோர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நடைமுறை மூலதனக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, மூலப்பொருள் செலவோடு கூலியையும், நீங்கள் எண்ணியுள்ள உயர்வையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.