வகுக்காமலே அறிந்த பகா எண்

127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்கள் கொண்ட பேரெண் கிடைக்கிறது. அது பகா எண்தானா என்று வகுத்தே காண முற்பட்டால், 20 இலக்க எண்கள் வரை சோதிக்க வேண்டும், ஆயுள் போதாது. ஆயினும் பிரெஞ்சு அறிஞர் லூக்கா 1876-இல் அதனைப் பகா எண்ணென நிறுவினார். அவர் வழியை 1930-இல் லெமர் எளிதாக்கினார்.

அம்முறையைச் சிறிய எண்ணில் காண்போம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. நான்கில் தொடங்கி, அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்து, 31-ஆல் வகுத்து, மீதியை மட்டும் கொள்வோம். மீதிகள் முறையே 14, 8, பூச்சியம். ஐந்தினும் இரண்டு குறைந்த மூன்றாம் படியில் பூச்சியம் வந்தமையால் 31 பகா எண்ணாகும். நம் பேரெண்ணுக்கு 125 படிகளே போதும்.

2024-இல் கண்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களுடைய பகா எண்ணும் இச்சோதனையாலேயே உறுதி பெற்றது.