மண் வேண்டாத ஆர்க்கிட் எப்படி இயங்குகிறது?

ஆர்க்கிட் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, அதைத் தொட்டி மண்ணில் நட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவது. சில வாரங்களில் வேர் அழுகிவிடும். தமிழகத்திலும் இலங்கையிலும் மாமரம் போன்ற மரங்களில் தொற்றி வளரும் ‘வாண்டா டெஸ்ஸலேட்டா’வை எடுத்துக்கொள்வோம். தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் பதிவு செய்த செடி இது. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை; உட்கார இடம் கிடைத்தால் போதும். இட்லி அவிக்கத் தெரிந்தவர்களுக்கு இதன் உள்வேலை சட்டென்று பிடிபடும்.

முதலில் வேர். அதன்மேல் வெள்ளையாகத் தெரிவது ‘வெலமென்’ என்ற உறை. உயிரற்ற செல்களின் அடுக்கு. இட்லித் துணி போல, தண்ணீர் பட்டதும் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே விடும். நனைந்த உறை வழியே உள்ளிருக்கும் பச்சை தெரியும். ஆகவே, காலையில் வேர் முழுக்கப் பச்சையாகும்வரை நனையுங்கள். பிறகு அது மறுபடி வெளுக்கட்டும். ஈரத்தோடு சுருட்டிப்போட்ட துணி கெடுவது போலவே, காயாத வேரும் கெடும்.

அடுத்து தொட்டி. ஆவி ஏற இட்லித் தட்டில் ஓட்டைகள் வேண்டும். இந்த வேருக்கும் எல்லாப் பக்கமும் காற்று வேண்டும். எனவே மரச்சட்டக் கூடையில் கரித்துண்டுகளைப் போட்டு, செடியை வைத்துத் தொங்கவிடுங்கள்.

பிறகு இலை. பெரும்பாலான செடிகள் இலைத்துளைகளைப் பகலில் திறக்கும். வாண்டா இரவில் திறந்து, கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். இரவில் புளிக்கும் மாவைப் போல, விடிவதற்குள் இலையிலும் புளிப்பு ஏறியிருக்கும். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பை வெயிலின் துணையால் சர்க்கரையாக்கும். வெயில் நேரத்தில் துளைகள் மூடியிருப்பதால் ஈரம் வீணாகாது. கோடையிலும் மரத்தின்மேல் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

அப்படியானால் வெயில்தான் அடுப்பு. அடுப்பு எரியாவிட்டால் மாவு மாவாகவே இருக்கும். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. கருகினால் வெயில் அதிகம். காலை வெயில் படட்டும், உச்சி வெயிலுக்கு வலைநிழல் கொடுங்கள். இலை இடுக்கில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். உரத்தை, அதன் பொட்டலத்தில் சொல்லும் அளவில் கால் பங்காக நீர்த்துத் தெளியுங்கள்.

கடைசியாக விதை. தூசு போன்ற அதற்குள் சேமித்த உணவு இல்லையென்றே சொல்லலாம். காட்டில் தகுந்த பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். அதனால் மரத்திலிருந்து பிய்த்தெடுத்த ஒரு செடியின் இடத்தை இன்னொன்று எளிதில் நிரப்பிவிடாது. நர்சரியில் வளர்த்த செடியையே கேட்டு வாங்குங்கள்.