முகவாதம்: பலூன் ஊதினால் சரியாகிவிடுமா?

காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கிறீர்கள். தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. கண்ணாடியைப் பார்த்தால் வலது கண் மூட மறுக்கிறது. சிரித்தால் வாய் இடது பக்கம் மட்டும் இழுக்கிறது. வீட்டில் பாட்டி 'காத்து அடிச்சிருச்சு' என்பார். நமக்கோ 'ஸ்ட்ரோக்கா இருக்குமோ' என்ற பயம்.

பெரும்பாலும் இது பெல்ஸ் பால்சி. முகத்தின் ஒரு பக்கத் தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பு, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான பாதை வழியாக வருகிறது. அங்கே அது வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிவிடும். பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி தப்பித்துவிடும், இரண்டு புருவங்களையும் உயர்த்த முடியும். பெல்ஸ் பால்சியில் நெற்றியும் சேர்ந்தே அசையாது. ஆனால் இந்த டெஸ்ட்டை வீட்டில் செய்து பார்த்து 'ஒண்ணும் இல்ல' என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான்.

முதல் 72 மணி நேரம்

ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் முக்கியம். ஸ்காட்லாந்தில் 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், பிரெட்னிசலோன் எடுத்தவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதங்களில் முழுமையாகத் தேறினார்கள். எடுக்காதவர்களில் அது 82 சதவீதம்.

இன்னொன்று, கண். மூடாத கண் காய்ந்தால் கருவிழியில் புண் வரும். பகலில் கண்ணீர் சொட்டு மருந்து, இரவில் ஆயின்ட்மென்ட் போட்டு இமையை டேப்பால் ஒட்டித் தூங்குவது, பைக்கில் போனால் கண்ணாடி. வாய் கோணலைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

சரி, பிசியோதெரபி?

'பலூன் ஊது, சூயிங் கம் மெல்லு, கரன்ட் வச்சுக்கோ.' சொல்லாதவர்களே இல்லை. ஜிம்மில் பைசெப்ஸை ஏற்றுவது போல முகத் தசையையும் ஏற்றிவிடலாம் என்ற கணக்கு. சிக்கல் என்னவென்றால், பழுதானது தசை அல்ல, நரம்பு. மெல்லும் தசைகளை இயக்குவதோ வேறொரு நரம்பு, அதனால் சூயிங் கம்மால் இங்கே பெரிய பலன் இல்லை. மின் தூண்டலால் பலன் உண்டு என்பதற்கும் தரமான ஆதாரம் இல்லை என்றே 2011-ம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. தனிப்பட்ட நோயாளிக்கேற்ற முகப் பயிற்சிகள் உதவலாம் என்றும் அது குறிப்பிட்டது, அதற்கான ஆதாரமும் வலுவானதல்ல என்ற எச்சரிக்கையோடு.

கடுமையாகச் சேதமான நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் வளர்ந்து திரும்புகிறது. அப்போது இழைகள் பாதை மாறிப் போவதுண்டு. வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்ச் சேரும். விளைவு, மூன்று நான்கு மாதங்கள் கழித்துச் சிரிக்கும்போது கண் தானாக மூடும், சாப்பிடும்போது கண் சுருங்கும். இதன் பெயர் சின்கைனசிஸ். 'முகம் திரும்ப வந்துடுச்சு' என்று நிம்மதியானவர்கள், வீடியோ காலில் தன் முகத்தையே பார்க்கப் பிடிக்காமல் கேமராவை ஆஃப் செய்யும் நிலை இதனால்தான். இந்த நிலையில் பலம் போட்டு முகத்தை இறுக்கினால், தவறான அசைவுதான் பழகிப்போகும்.

எனவே முக மறுவாழ்வுப் பயிற்சி பார்க்க ரொம்ப 'சப்'பென்று இருக்கும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மெதுவாக, சின்னதாக ஒரு புன்னகை. இரு பக்கமும் சமமாகப் போகும் அளவுக்கு மட்டும். கண் மூடத் தொடங்கியதும் நிறுத்தி, தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து. சில முறை போதும், எண்ணிக்கை முக்கியமல்ல. கண்ணாடி எதற்கு? எவ்வளவு இழுபடுகிறோம் என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் கை, கால் தசைகளில் நிறைய உண்டு. முகத் தசைகளில் அவை கிட்டத்தட்ட இல்லை. அந்த வேலையைக் கண்ணாடி செய்கிறது.

சின்கைனசிஸ் வந்துவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. தவறாக இழுக்கும் தசையில் சிறு அளவு போட்டாக்ஸ் ஊசி போட்டு, அதோடு பயிற்சியையும் தொடர்வது இப்போது வழக்கமான சிகிச்சை.

மூன்று மாதங்கள் ஆகியும் முகம் முழுதாகத் திரும்பவில்லை என்றால் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறை, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில், புருவம் உயர்த்தி, கண் மூடி, புன்னகைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் கண்ணாடியில் தெரியாத மாற்றம் அதில் தெரியும். டாக்டரிடம் காட்டவும் உதவும்.